வீட்டை வரைவோர் கிணற்றையும் அறிக!

வீட்டிற்கு வளவு உண்டு. வளவிற்குக் கிணறு உண்டு. கிணற்று நீரில் அயலவனுக்கும் தோட்டத்திற்கும் பங்குண்டு. இவையனைத்தையும் ஒருங்கே நோக்கிக் குடியிருப்பை வகுக்கப் பயிற்றுவதே பல்கலைக்கழகக் கட்டடக்கலைக் கல்வியின் கடமை என்பது எமது துணிபு.

இக்கடமையை மறந்தால் விளைவது யாது? போரினால் வீடிழந்த வடக்குக் கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்கு வீடுகளை வழங்க 2016ஆம் ஆண்டில் அரசாங்கம் முற்பட்டது. வெப்பம் மிகும், விறகடுப்பிற்கு வசதியில்லை, பின்னர் அறை சேர்த்துக் கட்டுதல் அரிது, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை கிட்டாது என்று மக்களும் துறையறிந்தோரும் எதிர்த்தனர். 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டமோ, தனது 50,000 வீடுகளிற் பெரும்பாலானவற்றை உரியவரே முன்னின்று கட்டுமாறு பணத்தை அவரிடமே வழங்கிற்று. எவரைக் கேட்டு வீடு வகுக்கப்பட்டது? வேறுபாடு இக்கேள்வியிலேயே அடங்கியுள்ளது.

கேட்டறிந்து கட்டுதல் இந்நாட்டிற்குப் புதிதன்று. 1950களில் கண்டி வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தில், குடியேறவிருந்தோரிடம் வினாக்கொத்துக் கொடுத்து அவர்தம் தேவையை அறிந்தே மினெட் டி சில்வா வீடுகளை வகுத்தார். அமெரிக்காவின் அலபாமாவிலுள்ள ஓபர்ன் பல்கலைக்கழகம் 1993 முதல் கட்டடக்கலை மாணவரை வறிய கிராமப்புறத்தில் தங்கவைத்து, அங்குள்ளோருக்கு வீடு கட்டுவித்தே பயிற்றி வருகின்றது.

எமது நிலைமையை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. சுண்ணக்கற்பாறையில் தங்கும் மழைநீரே குடிநீர், அதுவே தோட்டநீர். வெடிப்புகள் மலிந்த அப்பாறையின் வழியே மலக்குழியின் கழிவும் உரத்தின் நைத்திரேற்றும் கிணற்றை எளிதில் அடைகின்றன. இரண்டு பரப்புக் காணியில் வீடு, கிணறு, மலசலகூடம் ஆகிய மூன்றையும் எங்கே அமைப்பது என்பது குழந்தைகளின் உயிரோடு தொடர்புடைய வினாவாகும்.

'அது பொறியியலாளரின் வேலையன்றோ?' என்பார் உளர். சுவரின் இடத்தைக் குறிக்கும் கை குழியின் இடத்தை மட்டும் குறிக்காது விட்டுவிடலாமா? இவ்வாதத்தை ஊர்மக்கள் ஏன் ஏற்க வேண்டும்?

ஆகவே நாம் கோருவது இது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலை பயிலும் ஒவ்வொரு மாணவரும் ஒரு மாரியும் ஒரு கோடையும் கிராமமொன்றில் வாழ்ந்து பயில வேண்டும். அவ்வூராரின் மொழியிலேயே அவர்களோடு உரையாட வேண்டும். வரைபடத்தை ஊர்க்கூட்டத்தில் விரித்து விளக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல்: இக்கலையை நாடும் பிள்ளையை வைத்தியத்திற்கும் பொறியியலுக்கும் வலிந்து திருப்பாதீர்கள். விவசாயிகளே, வரைபடத்தோடு உங்கள் படலையில் வந்து நிற்கும் மாணவனுக்கு முதலில் உங்கள் கிணற்றைக் காட்டுங்கள். அவன் கற்கவேண்டிய முதற் பாடம் அங்கேதான் இருக்கின்றது.