வெட்டுவதும் ஆக்குவதற்கே!

தையற்காரர் புதுத் துணியில் கத்தரிக்கோலை வைக்கும்போது, "ஐயோ, நல்ல துணி பாழாகிறதே!" என்று யாராவது வருந்துவதுண்டா? வெட்டாமல் சட்டை ஏது? ஆனால் புரதத்தை வெட்டும் நொதிகளைப் பற்றி மட்டும் நாம் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

1836-இல் தியோடர் ஷ்வான் என்ற ஜெர்மானிய அறிஞர் இரைப்பைச் சாற்றில் பெப்சினைக் கண்டறிந்தார். புரதம் வெட்டும் நொதி என்றாலே செரிமானம் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. பெப்சின், டிரிப்சின் என்று இரண்டு பெயர்களை மனப்பாடம் செய்கிறோம்; மதிப்பெண் வாங்குகிறோம்; மறந்துவிடுகிறோம். இது போதாது என்பதே என் கருத்து. உணவு உண்ணத் தொடங்குமுன்பே, கருவிலேயே இந்தக் கத்தரிக்கோல்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன.

மழை பெய்த மறுநாள் மணவூர்ப் பக்கம் வயலோரத்தில் தேங்கிய நீரைப் பாருங்கள். கூழ் போன்ற உறைக்குள் தவளை முட்டைகள் மிதக்கலாம். சில நாட்களில் அங்கே தலைப்பிரட்டைகள் நீந்தும். பல்லும் நகமும் இல்லாத அச்சிற்றுயிர் எப்படி வெளியே வந்தது? அதன் தலைப்பகுதியிலுள்ள சில செல்கள் புரதம் வெட்டும் நொதியைச் சுரந்து, உறையைக் கரைத்து வழி செய்கின்றன.

பாலூட்டிகளிலும் இதைக் காணலாம். சுண்டெலியின் முட்டைக்குள் ஒரு விந்தணு நுழைந்ததும், முட்டை ஓவாஸ்டாசின் என்னும் நொதியை வெளிவிடுகிறது. அது முட்டையுறையிலுள்ள ஒரு புரதத்தை வெட்டிவிட, வேறு விந்தணு அங்கே ஒட்ட முடிவதில்லை. இது கதவைத் தாழிடும் வெட்டு!

சில நாட்களில் கதவைத் திறக்கும் வெட்டும் தேவைப்படுகிறது. உறையை விட்டு வெளிவந்தால்தான் கரு கருப்பைச் சுவரில் பதிய முடியும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பி. பி. சேஷகிரியின் குழுவினர் ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் கருக்களை ஆராய்ந்தனர். கேதெப்சின் வகை நொதிகள் உறையைக் கரைப்பதில் பங்கு கொள்வதை 2008-இல் வெளியிட்டனர். குழந்தைப் பேற்றுக்காக ஏங்குவோரின் துயரைத் தீர்க்க முயலும் மருத்துவத்துக்கு இத்தகைய அறிவு அடிப்படையாகும்.

"ஈயையும் எலியையும் ஆராய்ந்து என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பழ ஈயின் கதையைச் சொல்லுவேன். ஈயின் கருவில் முதுகு எது, வயிறு எது என்று எப்படித் தீர்மானமாகிறது? அங்கே வெட்டும் நொதிகள் உறையிலிட்ட கத்திகளைப் போலச் செயலற்றுக் கிடக்கின்றன. ஒன்று அடுத்ததை வெட்டித் தூண்ட, கடைசியாக ஈஸ்டர் என்னும் நொதி ஸ்பேட்ஸ்லே என்ற புரதத்தை வெட்டுகிறது. வெட்டுண்ட புரதம் டோல் என்னும் ஏற்பியில் பொருந்தியதும், "இதுவே வயிற்றுப்புறம்" என்ற செய்தி கருவுக்குள் செல்கிறது. வெட்டு நிகழாவிட்டால் கரு முழுவதும் முதுகாகி மடிந்துவிடும்!

ஈயின் தொடக்கக் கருவளர்ச்சியை மரபணுக்கள் எவ்வாறு நடத்துகின்றன என்று கண்டதற்காக நியூஸ்லைன்-வோல்ஹார்ட், வீஷாஸ், லூயிஸ் ஆகிய மூவரும் 1995-இல் நோபல் பரிசு பெற்றனர். மறு ஆண்டே பிரான்சில் ஹாஃப்மனின் குழு, அதே டோல் வளர்ந்த ஈயைப் பூஞ்சை நோயிலிருந்து காப்பதைக் கண்டது. அதைப் போன்ற ஏற்பிகள் நம் உடலிலும் கிருமிகளை அடையாளம் காண்கின்றன. 2011-இல் ஹாஃப்மனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஈயின் வயிற்றைப் பற்றிய கேள்வி, நம் நோய் எதிர்ப்பு ஆற்றலை அறிய வழி காட்டியதைக் கண்டீர்களா?

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நொதிப் பாடத்தை இரைப்பையோடு முடித்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் மாணவர்களை நீர்நிலைக்கு அழைத்துச் செல்லுங்கள். முட்டைகளை எடுக்காமல், இருந்த இடத்திலேயே நாள்தோறும் பார்த்துக் குறிப்பெழுதச் சொல்லுங்கள். ஏன், எப்படி என்று அவர்கள் கேட்கட்டும். "தேர்வுக்கு வராது, உட்கார்!" என்று அக்கேள்வியை முளையிலேயே வெட்டிவிடாதீர்கள். அந்த வெட்டால் எதுவும் உருவாவதில்லை.