கடை மூடும் நாளில் கஞ்சிக்கு என்ன வழி?

ஜெர்மனியில் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்குக் குளிர் ஒரு கஷ்டம். அதற்குக் கம்பளி உண்டு. பண்டிகை நாளில் கடை தேடி அலைவதற்கு என்ன மருந்து?

ஞாயிறும் பண்டிகையும் ஓய்வு நாள் என்பது அங்கே அரசியல் சட்டம். 1919-ல் எழுதிய விதியை 1949 சட்டத்திலும் அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். அன்று மளிகைக் கடை, துணிக்கடை எல்லாம் பூட்டு! கிறிஸ்துமசுக்கு டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. 27 ஞாயிறாக வந்தால் மூன்று நாள்! பாலும் அரிசியும் வாங்கி வைக்காத குடும்பம் ரயில் நிலையத்துக் கடைக்கோ, பெட்ரோல் பங்குக்கோதான் ஓட வேண்டும்.

மருந்துக் கடைகள் மட்டும் முறை வைத்துத் திறக்கின்றன. இன்று எந்தக் கடையின் முறை என்பதை, மூடிய கடையின் வாசலிலேயே பார்க்கலாம். கைக்குழந்தைக்காரர்கள் இதை மறக்கக் கூடாது.

நாடு முழுவதற்கும் பொது விடுமுறை ஒன்பதுதான். மற்றவை மாகாணத்துக்கு மாகாணம் மாறும். பெர்லினும் பாட்ஸ்டாமும் அடுத்தடுத்த ஊர்கள். ஆனால் மாகாணம் வேறு. அக்டோபர் 31-ல் பாட்ஸ்டாமில் விடுமுறை. பெர்லினில் வேலை நாள். மார்ச் 8, மகளிர் தினத்தன்று கதை தலைகீழ்! பெர்லினில் படிக்கும் பிள்ளைக்கு லீவு; பாட்ஸ்டாமில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு லீவு இல்லை.

"கடையைத் திறந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நாம் அந்தக் கட்சி இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கிறிஸ்துமசுக்கு முந்தின நான்கு ஞாயிறும் கடை திறக்கலாம் என்று பெர்லினில் ஒரு சட்டம் இருந்தது. கிறிஸ்தவ சபைகள் வழக்குப் போட்டன. அது செல்லாது என்று 2009-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு!

ஆனால் புதியவர்களுக்கு விவரம் சொல்ல வேண்டாமா? பண்டிகை விடுமுறைக்கும் சம்பளம் உண்டு. அதற்கு முந்தின வேலை நாளிலோ அடுத்த வேலை நாளிலோ காரணமில்லாமல் மட்டம் போட்டால், அந்தச் சம்பளம் போச்சு! பாஷை தெரியாதவர் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைப்பார். வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் முதலாளிகள், இதையெல்லாம் அவரவர் பாஷையில் அச்சடித்து முதல் நாளே கொடுக்கட்டும். ஒரே ஒரு தாள் போதும். விடுமுறையன்று சுவரில் துளை போடாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்பதையும் அதில் சேர்த்துவிடலாம்.