பசியாறும் வேளையில் பஞ்சாயத்தா?

பஜ்ருத் தொழுகைக்குப் பின் வீட்டார் ஒன்றாய்ப் பசியாற அமரும் வேளை பரக்கத்தான வேளை. நம் இல்லங்கள் பலவற்றில் அதுவே பஞ்சாயத்துக் கூடும் வேளையாகிவிட்டது. பேரன் கைபேசியைப் பார்த்தவாறே இடியாப்பத்தைப் பிசைகிறான். "பிள்ளை வளர்த்த இலட்சணம் இதுதானா?" என்று வாப்பும்மா மருமகளைக் கேட்கிறார். மருமகள் முகம் கறுக்கிறது. மகன் வாய் திறப்பதில்லை. தாய் தலைகுனிவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

குற்றச்சாட்டில் உண்மை உண்டு. பாட்டனாகிவிட்ட எனக்கும் அக்காட்சி நெஞ்சை உறுத்தவே செய்கிறது. ஆயினும் கேட்கிறேன்: பிள்ளையின் பிழைக்குப் பெற்றவளைச் சபையில் நிறுத்துவது எந்த மார்க்கம்?

உமர் இப்னு அபீஸலமா (ரலி) சிறுவராயிருந்தபோது அவர் கை உணவுத் தட்டெங்கும் அலைந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், அருகிலுள்ளதை எடுக்கவும் பெருமானார் (ஸல்) அவருக்கே கற்பித்தார்கள். தாயார் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வளர்ப்பைக் குறை கூறியதாக அந்த ஹதீஸில் ஒரு சொல்லும் இல்லை. அன்றுமுதல் தாம் உண்ணும் முறை அதுவே என்று அவர் அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது.

இளம் பெற்றோரே, "அது அந்தக் காலம்" என்று மூத்தோர் வாயை அடைக்காதீர். முதலில் உங்கள் கைபேசியை அப்பால் வையுங்கள். மூத்தோரே, மருமகளிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளை பள்ளிக்குச் சென்றபின் தனியே சொல்லுங்கள். தாயை இகழக் கற்ற பேரன் நாளை உங்களை மட்டும் மதிப்பானா?