கலங்கிய தொட்டியும் தெளிந்த தொட்டியும்



லத்தாவின் மாடி வீடுகளில் புதிதாகக் கடல்நீர் மீன்தொட்டி அமைத்திருக்கும் உங்களில் சிலர், நீர் பால்போல் வெளுத்துவிட்டதே என்று கவலையோடு கேட்கிறீர்கள். நீர் முழுவதையும் மாற்றிவிடலாமா, தெளியவைக்கும் மருந்தை வாங்கி ஊற்றலாமா என்பது உங்கள் கேள்வி. இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து.

கலங்கல் எப்போது வந்தது என்பதை முதலில் நோக்குங்கள். முதல் நாளே வந்திருந்தால் அது பெரும்பாலும் சரியாகக் கழுவாத மணலின் தூசி. ஓரிரு நாளில் படிந்துவிடும். உப்பின்மேல் நீரை ஊற்றிக் கரைத்திருந்தாலும் சுண்ணாம்புச் சத்து திரண்டு வெளுக்கும். மீன்தொட்டிக்கென்று விற்கும் கடலுப்பைத் தனி வாளியில், நீரில் சிறிது சிறிதாகச் சேர்த்து, முந்தைய நாளே கரைத்து வையுங்கள்; லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். நாம் குடிப்பதற்கு வாங்கும் 20 லிட்டர் குடுவை நீர், குழாய் நீரைவிட இதற்கு ஏற்றது.

சில நாள் கழித்துத் தோன்றும் வெண்மை வேறு வகை. நீரில் கரைந்துள்ள கழிவை உண்டு நுண்ணுயிர்கள் பெருகுவதால் அது வருகிறது. உணவு தீர்ந்ததும் தானே தணியும். ஆனால் அவை நீரிலுள்ள ஆக்சிஜனையும் உண்டுவிடும். நம் யாங்கூனின் வெயிலையும் மின்தடையையும் எண்ணிப் பாருங்கள்! மருந்துக்குச் செலவிடும் பணத்தில் மின்கலத்தால் இயங்கும் காற்றுக்குழாய் ஒன்றை வாங்குவது அறிவுடைமை.

எனினும் நான் உண்மையில் அஞ்சுவது கலங்கிய தொட்டியை அன்று, விரைவில் தெளிந்துவிட்ட தொட்டியை. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. கடல்நீரின் காரத்தன்மையில் அதன் நஞ்சும் மிகுதி. அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மெதுவாகவே வளர்பவை. 1877இல் பிரான்சு நாட்டு அறிஞர்கள் ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும், மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் சாக்கடை நீரை வடியவிட்டார்கள். 20 நாள் வரை அம்மோனியாவில் மாற்றமே இல்லை. அதன் பின்னரே நைட்ரேட் தோன்றியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அந்த மாற்றம் நின்றுபோனது. செய்தவை உயிர்கள் என்பது அதனால் விளங்கிற்று. உங்கள் தொட்டியின் மணலிலும் கல்லிலும் நிகழ்வது இதுவே. நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம்.

அதற்குள் கடைக்காரர் மீனை விற்க முன்வந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே மீன் விட்டிருந்தால் இரையைக் குறையுங்கள். அம்மோனியா தென்பட்டால், அதே உப்பும் அதே வெப்பமும் உள்ள நீரால் கால் பங்கை மட்டும் மாற்றுங்கள்.

பிள்ளைகள் பொறுக்கமாட்டார்கள், அறிவேன். பரிசோதனைக் குப்பியை அவர்கள் கையிலேயே கொடுத்து, அம்மோனியா, நைட்ரைட் அளவுகளை நாட்காட்டியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் சுழியாகி ஒரு வாரம் அப்படியே நின்றால், முதல் மீனை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஒன்றே ஒன்று.