ஓடாத வண்டிக்கும் வயதுண்டு

சென்ற வாரம் ஜிந்துப்பிட்டியில் ஒரு தரகர் 2013ஆம் ஆண்டு ரொயோட்டா அக்குவா ஒன்றைக் காட்டினார். மீற்றரில் 38,000 கிலோமீற்றர். "ஓடவேயில்லை ஐயா, புதுசு மாதிரி" என்றார். கேட்ட விலையோ எனது ஊழியர் சேமலாப நிதியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

மீற்றர் பொய் சொல்கிறது என்று நான் கூறவில்லை. 2020இல் ஊரடங்கு, 2022இல் பெற்றோல் வரிசை. கொழும்பில் எத்தனையோ வாகனங்கள் வீட்டு வாசலிலேயே நின்றன. ஆனால் குறைவாக ஓடியது வேறு, குறைவாக மூப்படைந்தது வேறு. அக்குவாவின் பின்னிருக்கைக்கு அடியில் இருப்பது 120 கலங்கள் கொண்ட நிக்கல் பற்றரி. ஓட்டம் மட்டுமல்ல, காலமும் வெப்பமும் அதைத் தேய்க்கின்றன. நீண்டகாலம் நின்றால் கலங்கள் சமநிலை இழக்கின்றன. அது பழுதானால், எரிபொருளில் மிச்சம் பிடித்த பணம் அதற்கே போய்விடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டிக்குச் சொன்னதே விலை. அந்தப் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை.

பற்றரியைப் பகுதி பகுதியாகக் கணினியில் பரிசோதிக்கவேண்டும், புதிய பற்றரியின் விலையைக் கழித்துக்கொள்ளவேண்டும் என்றேன். தரகர் இன்னும் திரும்ப அழைக்கவில்லை. அதுவே எனக்குப் போதுமான பதில். வாங்க எண்ணும் அன்பர்களே, மீற்றருக்கு முன் பிறந்த ஆண்டைப் பாருங்கள்.