நாக்குக்கு எஜமான் யார்?

சென்ற வருஷம் புதுவையில் ஒரு நண்பர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். மிளகும் பூண்டும் மணக்கும் இறால் வறுவல், காரக் குழம்பு என்று மேஜை நிறைந்திருந்தது. இத்தாலியில் வேலை பார்க்கும் நண்பரின் தங்கை மகன் ஒரு புட்டி கொண்டு வந்திருந்தான். 'லாம்ப்ரூஸ்கோ' என்னும் இனிப்பான சிவப்பு ஒயின். அதைப் பார்த்ததும் விருந்தினர் ஒருவர் முகம் சுளித்தார்.

"இனிப்பு ஒயினா? சிவப்பு என்றால் துவர்க்க வேண்டும் தம்பி! ரசனை தெரிந்தவன் இதைத் தொடமாட்டான்" என்றார்.

பையன் வெட்கிப்போய்ப் புட்டியை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டான். அந்தப் பெரியவர் கொண்டு வந்த துவர்ப்பு ஒயினை இறாலோடு பருகியவர்கள் கண் கலங்கித் தண்ணீருக்குத் தவித்தார்கள். ஆனால், "இது பொருந்தவில்லை" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த மௌனத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

நான் மதுவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. குடியால் குலைந்த குடும்பங்களை நானும் அறிவேன். குடிக்காதவர்கள் குடிக்காமலே இருக்கட்டும். ஆனால், தன் நாக்கு சொல்வதை நம்பாமல் இரவல் விதிக்குத் தலையாட்டுகிற புத்தி இருக்கிறதே, அது குடிக்காதவர்களையும் பிடித்த நோய்.

விஷயம் எளிது. மிளகாயின் எரிச்சலைச் சாராயச் சத்து கூட்டும், துவர்ப்பு அதை இன்னும் உறுத்தலாக்கும், இனிப்பு அடக்கும். துவர்ப்பு ஒயின்கள் பலவற்றில் சாராயச் சத்து 13, 14 சதவீதம். இனிப்பு லாம்ப்ரூஸ்கோவில் பெரும்பாலும் 8 சதவீத அளவுதான். காரச் சாப்பாட்டுக்கு எது தோழன் என்று இனியும் சொல்ல வேண்டுமா? அது பிறந்த மோடெனா வட்டாரத்து மக்கள் கொழுப்பு மிகுந்த பன்றி இறைச்சியோடு லாம்ப்ரூஸ்கோவைக் கூச்சமில்லாமல் பருகுகிறார்கள்.

இன்னொரு விதி: சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பருக வேண்டுமாம். யாருடைய அறை? குளிர்ந்த ஐரோப்பிய வீட்டு அறையின் வெப்பம் அது. புதுவையின் சித்திரை வெயிலில் 35 பாகையைத் தாண்டும் அறையில் அந்த விதி என்ன விதி? லாம்ப்ரூஸ்கோவைக் குளிர வைத்துத்தான் பருக வேண்டும்.

இனிப்பு ஒயின் நாகரிகம் அறியாதவர் பானமா? புதுவைக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இரு கைப்பிடி வைத்த ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இத்தாலியின் கம்பானியாவிலிருந்து வந்த சாடிகளும் அவற்றில் உண்டு. அந்த ரோமானியர் ஒயினில் தேன் கலந்தும் குடித்தார்கள். யவனர் தந்த மதுவைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். இந்தக் கரைக்கு இத்தாலிய ஒயின் புதிதல்ல. அதைப் பார்த்துக் கூசும் வழக்கம்தான் புதிது.

நம் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். காரமான அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் வைத்தவள் அவள். வற்றல் குழம்பில் ஒரு சிட்டிகை வெல்லம் போட்டவளும் அவள்தான். காரத்துக்கு இனிப்பு துணை என்பதை எந்தப் புத்தகமும் அவளுக்குக் கற்பிக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களோ நம் வடகத்தை 'வாதுவான்' என்று பெயர் மாற்றித் தங்கள் சமையலில் சேர்த்துக்கொண்டார்கள். நம்மிடம் கற்க அவர்கள் வெட்கப்படவில்லை. நம் நாக்கை நம்ப நாம் வெட்கப்படுகிறோம்!

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. நாடு விடுதலையானது, நாக்கு இன்னும் ஆகவில்லை.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர் ஒரு வாய் குழம்புச் சோறு உண்டு, ஒரு மிடறு ஒயின் பருகி, மறுபடி ஒரு வாய் சோறு உண்ணட்டும். எரிச்சல் கூடினால் அந்த ஒயின் வேண்டாம். அடங்கினால் அதுவே சரி. தீர்ப்புச் சொல்ல வேறு நீதிபதி தேவையில்லை.

அடுத்த விருந்தில் அந்தப் பையன் புட்டியை மேஜையின் மேலேயே வைக்கட்டும்.