தொட்டித் தவளையின் நலம் தண்ணீரில்

சென்ற இதழில் வண்ணமீன் வளர்ப்பைப் பற்றி எழுதியதைப் படித்த சகோதரிகள் சிலர், தம் பிள்ளைகள் மீனோடு சேர்த்துக் குட்டித் தவளையும் வாங்கி வந்ததாகவும், இரண்டு வாரங்களுக்குள் அது இறந்துவிட்டதாகவும் எழுதியுள்ளனர். 'தவளைதானே, சேற்றிலும் சாக்கடையிலும் வாழ்வது, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும்' என்ற எண்ணமே இத்தகைய இழப்புகளுக்கு முதற்காரணம். மீனுக்குச் செதில் என்னும் கவசமாவது உண்டு. தவளைக்கு அதுவும் இல்லை. அது வாயால் நீர் அருந்துவதில்லை, தோலின் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. நீரில் கரைந்திருக்கும் நஞ்சும் அதே வழியில் உள்ளே புகுந்துவிடும்.

கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை. நைஜீரியா, கேமரூன், காங்கோ நாடுகளின் ஓடைகளிலும் குட்டைகளிலும் வாழும் இனம் அது. வளர்ந்தாலும் நான்கு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. வாழ்நாள் முழுவதும் நீருக்குள்ளேயே இருப்பது. ஆயினும் நுரையீரலால் மூச்சு விடுவதால் அடிக்கடி மேலே வந்து செல்லும். இதே கண்டத்தைச் சேர்ந்த நகத் தவளையின் குஞ்சுகளையும் குள்ளத் தவளை என்று விற்பதுண்டு. அது கையளவு வளர்ந்து உடனிருக்கும் மீனை விழுங்கிவிடும். முன்கால் விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை. இல்லையேல் நகத் தவளை. (பெண்கள் கருவுற்றிருப்பதைக் கண்டறிய மருத்துவமனைகளில் 1930களிலிருந்து பல்லாண்டுகள் பயன்பட்டது அந்த நகத் தவளையே.)

இரண்டு மூன்று தவளைகளுக்கு நாற்பது லிட்டர் தொட்டி தாராளம். நீரின் ஆழம் ஒரு அடிக்கு மிகாதிருக்கட்டும். மூச்சு வாங்க அவ்வளவு தூரம் நீந்த வேண்டுமே. துள்ளி வெளியே விழுந்தால் விரைவில் உலர்ந்து இறந்துவிடும் என்பதால் மூடி கட்டாயம். மூடிக்கும் நீருக்கும் இடையே காற்றுக்கு இடைவெளியும் தேவை. வடிகட்டியின் நீரோட்டம் மென்மையாக இருக்க வேண்டும். சிறு கூழாங்கற்களை இரையோடு விழுங்கிவிடக்கூடும். நுண்மணலோ, தவளையின் தலையைவிடப் பெரிய கற்களோ பரப்புங்கள்.

இனித் தண்ணீர். குழாய் நீரில் உள்ள குளோரின் தவளையின் தோலை அரித்துவிடும். நீரை ஒருநாள் திறந்த வாளியில் வைத்திருந்தால் குளோரின் அகன்றுவிடும். குளோரமைன் கலந்த நீராயின் அவ்வாறு அகலாது. மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்க்கவேண்டும். அடுத்த பகை அம்மோனியா. கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் உண்டாகும் இதற்கு நிறமில்லை. கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் கொல்லும் அளவு இருக்கலாம். இதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தவளையின்றி, சிட்டிகை மீன் உணவு மட்டும் இட்டு வடிகட்டியை ஓடவிடுங்கள். கடையிலிருந்து வந்த அன்றே புதுத் தண்ணீரில் விடப்பட்ட தவளைகள் ஓரிரு வாரங்களில் மடிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சுத்தத்தில் அக்கறை மிகுந்த இல்லத்தரசிகள் இங்கேதான் கவனிக்க வேண்டும். வாரந்தோறும் தொட்டியைக் கவிழ்த்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, புது நீர் நிரப்புவது பணிவிடையன்று. அந்தப் பாக்டீரியாக்களை அடியோடு அழிப்பது. நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் வாரம் ஒருமுறை மாற்றினால் போதும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள். அத்தர் பூசிய கையை உள்ளே விடுவதும், அருகில் கொசு மருந்து அடிப்பதும் கூடாது.

நீரின் வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது உகந்தது. வெளிநாட்டு நூல்கள் வெப்பமூட்டி வாங்கச் சொல்லும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குத் தேவைப்படுவது நிழலும் மின்விசிறியும்தான்.

இத்தவளைக்கு நாக்கும் இல்லை, கூரிய பார்வையும் இல்லை. மோப்பத்தால் தேடித் தேடி உண்பதற்குள் மீன்கள் எல்லாவற்றையும் தின்றுவிடும். உறையவைத்த இரத்தப் புழுவைக் கரைத்து, இடுக்கியால் அதன் முன்னே, நாள்தோறும் ஒரே இடத்தில் வையுங்கள். வளர்ந்தவற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மிஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும்.

தோலை முழுதாக உரித்து அதையே தின்பதைக் கண்டு அஞ்சாதீர்கள்; அது இயல்பு. ஆணின் முன்காலுக்குப் பின்னே தெரியும் சிறு வெண்புடைப்பும் நோயன்று. தோல் துண்டுதுண்டாகத் தொங்குவது, இரை மறுப்பது, சோர்ந்து மேற்பரப்பிலேயே மிதப்பது ஆகியவை தீய அறிகுறிகள். 1999இல் பெயரிடப்பட்ட கைட்ரிட் என்னும் பூஞ்சை, தோலைத் தடிக்கச் செய்து, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து, இறுதியில் இதயத்தையே நிறுத்திவிடும். உலகில் பல தவளை இனங்கள் அதனால் அழிந்திருக்கின்றன. எனவே புதிய தவளையை ஒரு மாதமேனும் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பாருங்கள். நோய் கண்டால் செம்பு கலந்த மீன் மருந்துகளை ஊற்றாமல் கால்நடை மருத்துவரை நாடுங்கள்.

தவளையை மருந்தில் சேர்ப்பது பற்றி மருத்துவர் ஒருவர் கேட்டபோது, அதைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. ஐந்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய உயிரை விளையாட்டுப் பொருளாக வாங்கித் தருமுன் பெற்றோர் இதை நினைவிற்கொள்வது நல்லது.

பிள்ளைகளின் நலமும் இதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரை இதே குள்ளத் தவளைகளால் பரவிய சால்மோனெல்லா நோய் இருநூறுக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. பெரும்பாலோர் பத்து வயதுக்குட்பட்டவர்கள். நலமாகத் தோன்றும் தவளையிடமும் அக்கிருமி இருக்கும். தொட்டியைத் தொட்டபின் சோப்பால் கை கழுவச் செய்யுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொட்டியருகே விடவேண்டாம். தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டுவதும், குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றுவதும் வேண்டாம், கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள். வளர்க்க இயலாமற்போனால் தவளையைக் கிணற்றில் விடாமல், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.